முட்டைக்கு முந்தைய 16 வாரங்கள்



கறிக்கடையில் கோழி வாங்கும் நம் குடும்பத்தினர், அறுத்தவர் யார், அல்லாஹ்வின் பெயர் கூறி அறுத்தாரா, இரத்தம் முழுவதும் வடிந்ததா என்று கேட்டுத் தெளிகின்றனர். வெளியூர் உணவகத்தில் அமர்ந்தாலும் இதைக் கேட்ட பின்னரே இறைச்சியில் கைவைக்கின்றனர். இந்தப் பேணுதல் நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற நற்பழக்கம். ஆனால் பக்கத்து மளிகைக் கடையில் ஓர் அட்டை முட்டை வாங்கும்போது விலையைத் தவிர வேறொன்றையும் நாம் கேட்பதில்லை. முட்டைக்கு அறுப்பு இல்லை. ஆகவே அதைக் குறித்துக் கேட்பதற்கும் ஒன்றுமில்லை என்று எண்ணிவிட்டோம்.

முட்டை ஹலாலா என்பதில் இங்கு ஐயமில்லை. நபி (ஸல்) அவர்கள் கோழி இறைச்சி உண்டதைத் தாம் கண்டதாக அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவித்த ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. கோழியும் அதன் முட்டையும் நமக்கு ஆகுமானவை. ஆயினும், உண்பதைப் பற்றிப் பேசும் திருக்குர்ஆன் (2:168) ஹலாலுடன் தய்யிப் என்னும் தன்மையையும் இணைத்தே கூறுகிறது. நல்லதாகவும் தூயதாகவும் இருத்தல் என்னும் அத்தன்மையை எண்ணும்போது, அந்த உணவைத் தந்த உயிர் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதிலும் குறிப்பாக, எவரும் பேசாத ஒரு காலத்தைப் பற்றி எண்ண வேண்டும். ஒரு கோழி முதல் முட்டையை இடுவதற்கு முன்னர் கழிக்கும் ஏறத்தாழ 16 வாரங்களே அக்காலம்.

கண்ணில் படாத பருவம்

தமிழ்நாட்டின் முட்டை பெரும்பாலும் நாமக்கல் வட்டாரத்திலிருந்து வருகிறது. கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்லும் முட்டையும், பள்ளிச் சத்துணவில் நம் பிள்ளைகள் உண்ணும் முட்டையும் அங்கிருந்து செல்பவையே. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் எட்டும் விலையில் புரதம் கிடைப்பதற்கு அப்பண்ணையாளர்களின் உழைப்பு ஒரு பெருங்காரணம் என்பதை மறுக்க இயலாது.

ஆனால் அந்த முட்டையின் வரலாறு முட்டைக்கொட்டகையில் தொடங்குவதில்லை. பொரிப்பகத்தில் இயந்திரம் பொரித்த குஞ்சு, முதல் நாளிலேயே தடுப்பூசி போடப்பட்டுப் பெட்டியில் ஏறுகிறது. வெப்பம் தரும் புரூடரின் கீழே தன் வயதுடைய ஆயிரக்கணக்கான குஞ்சுகளுடன் வாழத் தொடங்குகிறது. சில பண்ணைகளில் உமி பரப்பிய தரையிலும், பலவற்றில் கம்பிவலைத் தரையுடைய குஞ்சுக்கூண்டிலும் அது வளர்கிறது. முதல் இரண்டு வாரங்களுக்குள் அதன் அலகின் முனை சூடான தகட்டால் வெட்டப்படுகிறது. சில பண்ணைகளில் வளர்ந்த பின் மீண்டும் ஒருமுறை வெட்டுவதுண்டு. எட்டு வாரமளவில் வளர்கோழிக் கூண்டுக்கும், 16 வாரமளவில் முட்டைக்கூண்டுக்கும் அது மாறுகிறது. அப்போது அதற்குப் பெயர் விடைக்கோழி. அதன் பின்னர் ஓராண்டுக்கும் மேலாக, அச்சிடும் ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைந்த இடத்தில் நின்று அது முட்டையிடுகிறது.

கோழி நலம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தையே பேசுகின்றனர். கூண்டு வேண்டுமா, வேண்டாவா என்பதே வாதமாக இருக்கிறது. அவ்வாதம் தேவையானதே. ஆனால் கோழி தன் வாழ்நாள் முழுவதற்குமான பழக்கங்களைக் கற்பது அதற்கு முந்தைய வாரங்களில்தான். அந்த வாரங்களைத் தவறவிட்டால், பின்னர் எவ்வளவு விசாலமான இடம் கொடுத்தாலும் கோழியால் அதை முழுமையாகப் பயன்படுத்த முடிவதில்லை. கடந்த நாற்பது ஆண்டுக் கால ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

தாய்க்கோழி கற்பிப்பது

நம் ஊர்களில் வீட்டுக் கொல்லையில் அடைக்கோழி குஞ்சுகளுடன் திரிவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாய் குப்பையைக் கிளறுகிறது; ஒரு தனிக் குரலில் அழைத்துக் கொண்டே தரையில் கொத்திக் காட்டுகிறது; குஞ்சுகள் ஓடிவந்து அவ்விடத்தைக் கொத்துகின்றன. எதைக் கொத்த வேண்டும் என்னும் முதற்பாடம் அது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் நிக்கோலும் அவருடன் பணியாற்றியவரும் 1990களில் இதை நுணுகி ஆராய்ந்தனர். குஞ்சுகள் தவறான தீனியைத் தின்பதாகத் தாய்க்குத் தோன்றினால், அது தன் அழைப்பையும் கொத்திக் காட்டுவதையும் மிகுதியாக்கிச் சரியான தீனியின்பால் அவற்றைத் திருப்ப முயல்வதை அவர்கள் கண்டறிந்தனர்.

தாய் தருவது தீனிப்பாடம் மட்டுமன்று. களைத்த குஞ்சுகள் தாயின் இறகுக்குள் புகுந்து இருளில் உறங்குகின்றன. விழித்திருக்கும் குஞ்சுகள் அவற்றை மிதிப்பதுமில்லை, கொத்துவதுமில்லை. சில வாரங்கள் சென்றதும் தாய் தாழ்ந்த கிளைக்கோ திண்ணைக்கோ ஏறுகிறது. குஞ்சுகளும் தத்தித் தத்தி ஏறக் கற்கின்றன. நாட்டுக்கோழிக்கும் பண்ணைக்கோழிக்கும் மூதாதையான காட்டுக்கோழி, இரவில் மரக்கிளையில் அடையும் பறவை. உயரத்தில் அடைவது, மண்ணில் குளிப்பது, மறைவான இடத்தில் முட்டையிடுவது ஆகிய நாட்டங்கள் பல தலைமுறைக் கூண்டு வாழ்க்கைக்குப் பின்னரும் அதன் வழித்தோன்றல்களிடம் அழியவில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய அமைப்பைக் கொடுத்துப் பின்னர் அதற்கு வழிகாட்டியவனே தங்கள் இறைவன் என்று மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் கூறியதைத் திருக்குர்ஆன் (20:50) எடுத்துரைக்கிறது. கொத்தும் நாட்டத்தைக் குஞ்சுக்குள் வைத்தவன் அவனே. அந்த நாட்டம் சென்று சேர்வதற்குத் தாயையும் மண்ணையும் மரத்தையும் வைத்தவனும் அவனே. நாம் தாயை விலக்கிவிட்டோம், மண்ணையும் விலக்கிவிட்டோம். நாட்டம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அது எங்கே செல்லும் என்பதே அடுத்த கேள்வி.

இறகு கொத்துதலும் அலகு வெட்டுதலும்

அது பக்கத்துக் கோழியின் இறகின்மேல் செல்கிறது. முட்டைக்கோழிப் பண்ணையாளர் அஞ்சும் சிக்கல்களுள் இறகு கொத்துதல் முக்கியமானது. ஒரு கோழி மற்றொன்றின் இறகைப் பிடுங்கத் தொடங்கினால் மற்றவையும் கற்றுக்கொள்கின்றன. இறகு போன தோலில் இரத்தம் கண்டால் கொத்துதல் கடுமையாகிக் கொட்டகையில் சாவு மிகுகிறது. இதைச் சண்டைக்குணம் என்றே நெடுங்காலம் பலர் கருதினர். நெதர்லாந்தில் பிளாக்ஹேய்ஸ் என்னும் ஆய்வாளர் 1980களில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். தரையைக் கொத்திக் கிளறும் நாட்டத்துக்கு ஏற்ற தரை கிடைக்காதபோது, அதே கொத்துதல் இறகின்பால் திரும்புகிறது என்பது அவருடைய விளக்கம். வைக்கோலோ மணலோ கூளமோ குஞ்சுக்கு முதல் நாள் முதலே கிடைத்தால் இறகு கொத்துதல் குறைகிறது என்று பின்வந்த பல ஆய்வுகள் காட்டின.

தாயின் இறகுக்குள் இருந்த இருளை மீட்டுத் தரும் முயற்சியும் நடந்தது. டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும், ஒளிரும் விளக்குக்குப் பதிலாக இருண்ட, வெதுவெதுப்பான ஒரு மூடியைத் தாழ்வாக அமைத்து, ஓரங்களில் திரைத்துண்டுகளைத் தொங்கவிட்டனர். உறங்க விரும்பும் குஞ்சுகள் அதனுள்ளே சென்றுவிடும். விளையாடுபவை வெளியே இருக்கும். அவ்வாறு வளர்ந்த கோழிகளிடம் இறகு கொத்துதல் குறைந்ததாக ஆய்வுக்கூடத்திலும் வணிகப் பண்ணையிலும் பதிவாயிற்று. சில வாரங்களே நீடிக்கும் ஓர் இருண்ட மூலை, பெரிய கோழியின் நடத்தையில் வெளிப்படுகிறது.

பெரும்பாலான பண்ணைகள் இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு அலகை வெட்டுவது. கோழியின் அலகு வெறும் கொம்புப் பொருளன்று. அதன் நுனியில் நரம்புகள் நிறைந்துள்ளன. நமக்கு விரல்நுனி எப்படியோ அப்படித்தான் கோழிக்கு அலகுநுனி. அதை வெட்டும்போது கோழிக்கு வலிக்கிறது. மிகுதியாக வெட்டினாலோ காலந்தாழ்த்தி வெட்டினாலோ அவ்வலி நீண்ட காலம் நிலைக்கக்கூடும். வெட்டாவிட்டால் ஒன்றையொன்று கொன்றுவிடும் என்று பண்ணையாளர் கூறுவது பொய்யன்று. தாயும் கூளமும் இல்லாமல் வளர்ந்த மந்தையில் அது உண்மையே. ஆனால் வளர்ப்பால் விளைந்த சிக்கலுக்குக் கோழியின் உடலில் ஒரு பகுதியை விலையாகக் கேட்பது நேர்மையாகுமா? சுவீடன், நோர்வே, பின்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகள் அலகு வெட்டுதலைத் தடைசெய்துவிட்டு முட்டைக்கோழி வளர்க்கின்றன. அங்குள்ள பண்ணையாளர்கள் குஞ்சுப் பருவத்தின்மேல் கவனம் செலுத்தியே அதைச் சாத்தியமாக்கினர்.

ஏறக் கற்காத கோழிகள்

சுவீடன் 1988-ஆம் ஆண்டிலேயே வெறுங்கூண்டுகளைக் கைவிடச் சட்டம் இயற்றிய நாடு. கூண்டிலிருந்து கொட்டகைக்கு மாறிய அந்நாட்டுப் பண்ணையாளர் எதிர்கொண்ட சிக்கல்களை ஸ்டெஃபான் குன்னர்சன் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டனர். நான்காம் வாரம் முடிவதற்குள் ஏறி அமரும் கம்புகள் கிடைத்த மந்தைகளில், பெட்டியை விட்டுத் தரையில் இடப்படும் முட்டைகள் குறைந்திருந்தன. ஒன்றின் ஆசனவாயை மற்றொன்று கொத்திக் கொல்லும் கொடுமையும் குறைந்திருந்தது. மறைவிடமும் உயரமும் தேடி ஒதுங்கத் தெரிந்த கோழி, முட்டையிடும் வேளையில் பெட்டிக்குள் சென்றுவிடுகிறது. தெரியாத கோழி தரையிலேயே முட்டையிட்டு, பிதுங்கித் தெரியும் சிவந்த தசையை மற்றவற்றின் அலகுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

மறு ஆண்டு அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரு குழுக் குஞ்சுகளுக்கு முதல் நாள் முதலே கம்புகள் இருந்தன. மற்றொரு குழுவுக்கு எட்டு வாரத்துக்குப் பின்னரே கிடைத்தன. 16 வார வயதில் இரு குழுவுக்கும் ஒரு சோதனை. தீனியை 40 சென்டிமீட்டர் உயரத் தட்டில் வைத்தபோது இரு குழுவும் ஏறிச் சென்று உண்டன. 80 சென்டிமீட்டர், 160 சென்டிமீட்டர் என்று உயரம் கூடக் கூட, கம்புகளைக் காலந்தாழ்த்திப் பெற்ற கோழிகள் திணறின. தாழ்ந்த தட்டில் வேறுபாடு இல்லாமையால், கால் வலிமையைக் காரணமாகக் கூற ஆய்வாளர்களால் இயலவில்லை. மேலே உள்ள இடத்தைக் கணித்து, எங்கிருந்து எங்கே தாவ வேண்டும் என்று அறியும் திறன் வளரவில்லை என்றே அவர்கள் கருதினர். எட்டு வாரத் தாமதத்தை, பின்னர் கிடைத்த எட்டு வாரப் பயிற்சியால் ஈடுசெய்ய இயலவில்லை.

எலும்பும் இக்காலத்திலேயே உறுதிப்படுகிறது. முட்டைக்கோழிகளின் மார்பு முகட்டெலும்பு முறிவது உலகெங்கும் காணப்படும் துன்பம். ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்தை ஓயாமல் இழக்கும் உடலில் எலும்பு எளிதில் நொறுங்குகிறது. தாவவும் சிறகடிக்கவும் இடமுள்ள பல அடுக்குக் கொட்டகையில் வளர்ந்த விடைக்கோழிகளுக்கு, கூண்டில் வளர்ந்தவற்றைவிட எலும்பு வலிமை மிகுந்தும், பின்னாளில் முறிவு குறைந்தும் இருந்ததைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டனர்.

பிள்ளை வளர்ப்பில் நாம் தர்பியத் என்று கூறுவதன் அடிப்படையும் இதுவே. ஏழு வயதில் தொழுகையைப் பழக்குமாறு நமக்குக் கட்டளை இருப்பதன் பொருள் நமக்குத் தெரியும். பருவத்தே பழகாதது பின்னர் எளிதில் வாய்ப்பதில்லை. மனிதனுக்கும் பறவைக்கும் இடையில் வேறுபாடுகள் பல. ஆயினும் இளமையில் பழகுதல் என்னும் இந்த நியதியை அல்லாஹ் இரண்டிலும் வைத்திருக்கிறான்.

கூண்டைத் திறந்தால் மட்டும் போதாது

ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் இயற்றிய நெறிமுறையின்படி, 2012 ஜனவரி 1 முதல் வெறுங்கூண்டுகள் அங்கே தடைசெய்யப்பட்டன. அது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்நெறிமுறை முட்டையிடும் வயதை எட்டிய கோழிக்கே பொருந்தியது; அதற்கு முந்தைய விடைக்கோழிப் பருவத்தை அது விட்டுவிட்டது. பின்னாளில் கூண்டு வளர்ப்பை முற்றிலும் ஒழிக்கக் கோரிப் பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவில் விடைக்கோழிகளும் பெயர்சொல்லிச் சேர்க்கப்பட்டன. விடுபட்டதை மக்களே உணர்ந்து திருத்த முயன்றனர்.

நம் நாட்டிலும் இவ்வுரையாடல் தொடங்கியுள்ளது. அசைய இடமில்லாத கூண்டில் உயிரினத்தை அடைத்து வைப்பதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே குற்றமாகக் கூறுகிறது. முட்டைக்கோழிகளையும் இறைச்சிக்கோழிகளையும் வளர்ப்பது, ஏற்றிச்செல்வது பற்றி இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-ஆம் அறிக்கையை 2017 ஜூலையில் அளித்தது. நகரக் கடைகளில் கூண்டில்லா முட்டை, மேய்ச்சல் முட்டை என்னும் பெயர்களுடன் கூடுதல் விலையில் பெட்டிகள் வந்துவிட்டன.

நான் அஞ்சுவது இந்த இடத்தில்தான். வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துத் திரும்பும் நம் சகோதரர்கள் சிலர், சேமிப்பைக் கொண்டு ஊரில் சிறு கோழிப்பண்ணை தொடங்க விரும்புகின்றனர். நல்லெண்ணத்துடன் கூண்டு வேண்டாம் என்று முடிவு செய்து, தோப்பில் கொட்டகை அமைத்து, கூண்டில் வளர்ந்த 16 வார விடைக்கோழிகளை வாங்கி அங்கே விட்டால் என்ன நிகழும்? கம்பிவலையை அன்றி வேறு தரையை அறியாத கோழிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து நிற்கும். சில மூச்சுத்திணறிச் சாகும். கம்பில் ஏறா, பெட்டியில் முட்டையிடா. தோப்புக்குள் இறங்க அஞ்சும். சில மாதங்களில் இறகு கொத்துதல் தொடங்கும். பணமும் போய்விடும், கூண்டே சரி என்ற முடிவுக்கு உரிமையாளரும் ஊராரும் வந்துவிடுவர். குறை கொட்டகையில் இல்லை. அக்கோழிகள் அங்கு வருவதற்கு முன்னரே நேர்ந்துவிட்டது. எனவேதான் சீர்திருத்தம் குஞ்சுக்கொட்டகையில் தொடங்க வேண்டும் என்கிறேன்.

நம் மார்க்கம் நமக்கு வைத்திருக்கும் பொறுப்பு

பூமியில் ஊர்ந்து திரிபவையும் இரு சிறகுகளால் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆன் (6:38) அறிவிக்கிறது. ஒரு பூனையை அடைத்து வைத்த பெண் நரகம் சென்ற செய்தியை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஸஹீஹுல் புகாரியில் உள்ள அந்த ஹதீஸில் அவள்மீது கூறப்பட்ட குற்றம் இரண்டு பகுதிகள் கொண்டது. அவள் அதற்கு உணவளிக்கவுமில்லை. பூமியில் உள்ள சிற்றுயிர்களைத் தானே தேடி உண்ணுமாறு அதை விட்டுவிடவுமில்லை. உணவளித்துப் பேணினால் உயிரினங்களை வளர்ப்பது ஆகும் என்றே அறிஞர்கள் இதிலிருந்து விளங்கினர். அபூ உமைர் என்னும் சிறுவர் வளர்த்த குருவியைப் பற்றிய ஹதீஸும் அதற்குச் சான்று. ஆகவே கோழியை அடைத்து வளர்ப்பதே கூடாது என்று நான் கூறவில்லை. ஓர் உயிரை நம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த கணமே, அது தானாகத் தேடிக்கொண்டிருந்தவற்றுக்கு நாம் பொறுப்பாளர் ஆகிவிடுகிறோம் என்பதே இதன் படிப்பினை. தீவனம் அவற்றுள் ஒன்று மட்டுமே.

கோழியையே குறித்தும் ஒரு செய்தி உண்டு. இளைஞர் சிலர் ஒரு கோழியைக் கட்டி வைத்து அம்பெய்து கொண்டிருந்ததைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், இவ்வாறு செய்வோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துரைத்தார்கள். குஞ்சுகளை எடுத்துவிட்டதால் பதறிச் சிறகடித்த தாய்ப்பறவையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் உள்ளது. தாய்க்கும் குஞ்சுக்கும் உள்ள பிணைப்பை அற்பமாகக் கருதாத மார்க்கம் நம்முடையது.

ஹிஜ்ரி 660-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் தம் நூலில், விலங்குகளுக்கு மனிதன்மீது உள்ள உரிமைகளைப் பட்டியலிட்டார்கள். முதுமையுற்றுப் பயனற்றுப் போனாலும் அதற்குச் செலவழிக்க வேண்டும். தங்குமிடம் நன்றாக இருக்க வேண்டும். தன் இனத்தாலோ பிற இனத்தாலோ காயமுறும்படி அதை ஒன்றாக அடைத்து வைக்கக் கூடாது என்பன அவற்றுள் சில. இறுதியாகக் கூறிய உரிமையை எண்ணிப் பாருங்கள். ஒன்றையொன்று கொத்திக் கொல்லும் நிலைக்கு ஒரு மந்தையைக் கொண்டுவந்து வைத்திருப்பது, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதிய ஓர் இமாமின் கண்ணிலும் உரிமை மீறலாகவே பட்டிருக்கிறது. இன்றைய பண்ணை முறைகள் பற்றி ஃபத்வா அளிப்பது உலமாக்களின் பணி. அவர்களிடம் இக்கேள்வியைக் கொண்டுசெல்வது நம் பணி.

எழும் மறுப்புகள்

மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, விலை. இடம் கூடினால் செலவு கூடும். முட்டை விலை ஏறினால் ஏழைகள் பாதிக்கப்படுவர். இது நேர்மையான கவலை. ஆனால் குஞ்சுப் பருவத்துக்குத் தேவையானவை உமி, கடலைத்தோல், சில மரக்கம்புகள், ஓர் இருண்ட மூடி, கவனமான ஆள் ஆகியவையே. முட்டைக்கொட்டகையை மாற்றியமைக்கும் செலவுடன் ஒப்பிட்டால் இது சிறியது. அச்செலவும் ஒரு கோழி தன் வாழ்நாளில் இடும் முந்நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளின்மேல் பகிர்ந்துவிடுகிறது. சாவு குறைவதும் தரைமுட்டை குறைவதும் பண்ணையாளருக்கு வரவே.

இரண்டாவது, நோய். கம்பிவலைத் தரையில் எச்சம் கீழே விழுந்துவிடுவதால் இரத்தக் கழிச்சல் குறைகிறது என்பது உண்மை. கூளத்தில் வளர்ப்பவர் அதை உலர்வாக வைத்து, தடுப்பு முறைகளைத் தவறாது கடைப்பிடிக்க வேண்டும். உழைப்பு கூடுகிறது, இயலாத செயலன்று.

மூன்றாவது, கூண்டுக்குத்தானே செல்லப் போகிறது, பின் எதற்குக் கம்பேறக் கற்பிக்க வேண்டும் என்பது. இதுவே வலுவான மறுப்பு. முட்டைக்கூண்டு மாறாதவரை நல்ல வளர்ப்பின் பயன் குறைவாகவே இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூண்டை விட்டு வெளியேற விரும்பும் பண்ணையாளருக்கு, அவ்வாறு வளர்த்த விடைக்கோழி எங்கும் கிடைக்கவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? நல்ல விடைக்கோழி முதலில் இருந்தால்தான் நல்ல கொட்டகை பின்னர் வெற்றிபெறும்.

நாம் செய்யக்கூடியவை

வீட்டில் கோழி வளர்க்கும் சகோதரிகளுக்கு முதற்சொல். இயன்றவரை அடைக்கோழியிடமே குஞ்சுகளை விடுங்கள். வாங்கிய ஒருநாள் குஞ்சுகளையும் இரவில் அதன் இறகுக்குள் வைத்தால் பல அடைக்கோழிகள் ஏற்றுக்கொள்ளும். தாய் இல்லையெனில், முதல் நாளிலிருந்தே உமியோ காய்ந்த சருகோ பரப்பி அதில் சிறிது குருணையைத் தூவுங்கள். வெப்பமான, இருண்ட ஓர் ஒதுக்கிடம் கொடுங்கள். இரண்டாம் வாரத்துக்குள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு கம்பு வையுங்கள். வளர வளர அதை உயர்த்துங்கள். மண்ணில் குளிக்க ஒரு தட்டு மணல் போதும். பகலெல்லாம் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைக்காதீர்கள்.

பண்ணை தொடங்கும் சகோதரர்கள் விடைக்கோழி வாங்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எந்தத் தரையில் வளர்ந்தன, எந்த வாரத்தில் கம்பு கிடைத்தது, அலகு வெட்டப்பட்டதா, எப்போது வெட்டப்பட்டது. முடிந்தால் ஒருநாள் குஞ்சாகவே வாங்கி, முட்டையிடப் போகும் கொட்டகையை ஒத்த இடத்தில் நீங்களே வளர்த்தெடுங்கள்.

கூடுதல் விலை கொடுத்து முட்டை வாங்குவோர், பெட்டியில் அச்சிட்ட பச்சைப்புல் படத்துடன் நிறைவடையாமல் அதே கேள்விகளை விற்பவரிடம் கேளுங்கள். முதலில் விடை வராது. பலர் கேட்டால் விடை தேடுவார்கள். ஹலால் முத்திரை இன்று கடைதோறும் காணப்படுவதும் நாம் கேட்டதால்தான்.

இறுதியாக, பெருநாள் கூட்டங்களிலும் சந்தைகளிலும் சிவப்பும் பச்சையுமாகச் சாயமேற்றி விற்கப்படும் குஞ்சுகளைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாக வாங்கித் தராதீர்கள். அவை பெரும்பாலும் முட்டையிடா என்று பொரிப்பகங்கள் ஒதுக்கிய சேவற்குஞ்சுகள். தாயும் வெப்பமும் இன்றி நாலைந்து நாளில் அவை பிள்ளையின் கையிலேயே சாகின்றன. மகிழ்ச்சி தர வாங்கிய பொருள், உயிரை அலட்சியம் செய்யும் பாடமாக முடிகிறது.

அல்லாஹ் எல்லாவற்றின்மீதும் இஹ்ஸானை விதித்திருக்கிறான் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸை, கத்தியைத் தீட்டும் நேரத்துக்கு மட்டும் உரியதாக நாம் சுருக்கிவிட வேண்டாம். அறுக்கும் கணத்தில் காட்ட வேண்டிய அழகிய நடத்தை, ஓடு உடைத்து வெளிவரும் முதல் நாளிலும் அந்த உயிருக்கு உரியதே. நம் உணவை ஹலாலாகவும் தய்யிபாகவும் ஆக்கி, நம் பொறுப்பில் உள்ள வாயில்லா உயிர்களிடம் நீதியுடன் நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.